டூரா-ஏஸா, 105 போதுமா, பழைய 11 கியரே இருக்கட்டுமா?

சிங்கப்பூரில் ரோடு சைக்கிள் ஓட்டுபவர் கியர் செட்டை மேம்படுத்த நினைக்கும்போது எழும் கேள்வி இது. ஷிமானோ தயாரிப்பில் 105க்கு மேல் அல்டெக்ரா, அதற்கும் மேல் டூரா-ஏஸ்; 11, 12 என்பது பின் சக்கரத்துப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை. முதலில் கேசட், அதாவது அந்தப் பல்சக்கரத் தொகுதி. 11-34 பல் கொண்ட ஷிமானோ 105 கேசட் சுமார் 360 கிராம். டூரா-ஏஸ் சுமார் 250. அந்த 110 கிராமுக்காக விலை பல மடங்கு ஏறுகிறது. ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ இருந்தால், நான்கு நிமிட மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் அது மிச்சப்படுத்துவது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. சாங்கி கோஸ்ட் ரோட்டின் சமதளத்தில் அதுவும் கிடையாது. போதாததற்கு, எடையைக் குறைக்கிற டைட்டானியம் பற்கள் எஃகைவிடச் சீக்கிரம் தேயும். தினசரி ஓட்டத்துக்கு வாங்கும் பொருளல்ல.

கம்பி கியரா, மின் கியரா என்பதில்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது. 105 ஆர்7000 போன்ற 11 கியர் செட்டில், ஷிஃப்டருக்குள் (கியர் மாற்றும் கைப்பிடி) கம்பி வளையும் இடத்தில் இழை இழையாக அறும். நேற்றுவரை சரியாக விழுந்த பின் கியர் மந்தமாகி, எவ்வளவு திருகியும் நிலைக்காவிட்டால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான் பாருங்கள். முழுதாக அறுந்துவிட்டால் கம்பியின் தலை உள்ளே சிக்கிக்கொள்ளும். வருடம் ஒருமுறை கம்பியை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. செலவும் சில வெள்ளிதான். ஆனால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) வழியாகக் கம்பி ஓடும் புது ஃபிரேம்களில் கூலி எகிறும்.

அத்தகைய ஃபிரேம் வைத்திருப்பவருக்கு, 2022இல் வந்த 105 டிஐ2 மின் கியர் நியாயமான செலவு. துருப்பிடிக்கக் கியர் கம்பியே இல்லை. பேட்டரி ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 1,000 கி.மீ. வரும், ஷிஃப்டர்களில் சிஆர்1632 பட்டன் செல். அல்டெக்ராவுக்குப் போனால் சுமார் 300 கிராம் குறையும், கூடுதல் பட்டன்கள் இணைக்கலாம். கியர் விழும் துல்லியத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. டூரா-ஏஸ் இன்னும் கொஞ்சம் இளைத்தது, அவ்வளவே.

11இலிருந்து 12க்குத் தாவ நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேசட்டை மட்டும் மாற்றி முடியாது. ஷிஃப்டர், பின் டிரெயிலியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி), செயின் எல்லாம் வரிசையாகப் பின்னால் வரும். 11 கியர் ஒழுங்காக ஓடுகிறதா? விட்டுவிடுங்கள்.

அந்தப் பணத்தில் சிறு பகுதி டயருக்குப் போகட்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மலிவு டயர் ஜோடிக்கும் நல்ல பந்தய டயர் ஜோடிக்கும் 10 வாட்டுக்கு மேல் வித்தியாசம் வரலாம். செராமிக் பேரிங்கில் ஓரிரு வாட் தேறினாலே அதிகம்; விளம்பரம் மட்டும் வாட் கணக்கில் குறைவதில்லை. செயின் தேய்மானம் காட்டும் அளவுகோல் 0.5 சதவீதத்தைத் தொட்டதும் செயினை மாற்றுங்கள், கேசட் பிழைக்கும். மெழுகு போட்ட செயினை மழைக்குப் பிறகு துடைத்து மறுபடி மெழுகு விடாவிட்டால், நம் ஈரப்பதத்தில் மறுநாளே துரு தெரியும். ஹேண்டில்பார் டேப்பையும் அவ்வப்போது அவிழ்த்துப் பாருங்கள்: அலுமினியத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் வியர்வை அரிக்கத் தொடங்கிவிட்டது.

கரௌசல் விற்பனைத் தளத்தில் பழைய உயர்ரகம் மலிவாகக் கிடைக்கிறதென்று பாய வேண்டாம். 2012 முதல் 2019 வரை தயாரான 11 கியர் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் (பெடலைத் தாங்கும் கைகள்) ஒட்டு விட்டுப் பிரிவதால், ஷிமானோ 2023இல் அவற்றைச் சோதனைக்கு அழைத்தது. 105 அந்தப் பட்டியலில் இல்லை. கடையில் சோதித்தாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.