சூஜோல ஒரே ஒரு தோட்டம்தான் பாக்க முடியும்னா எது?

சீனால இருக்கற சூஜோ போறவங்க நிறைய பேர் ஷாங்காய்ல இருந்து காலைல ஃபாஸ்ட் ட்ரெயின் ஏறி அரை மணி நேரத்துல இறங்கி சாயங்காலம் திரும்பிடுறவங்கதான், கைல இருக்கறது ஒரே ஒரு நாள், அதுல எந்த தோட்டம் பாக்கலாம்னு யார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற பேரு ஜுவோஜெங் யுவான் (யுவான்னா தோட்டம்). இந்த ஊர் தோட்டங்கள் ஒன்பது யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, 1997-ல நாலு, 2000-ல அஞ்சு. அதுல நாலு நான் போயிருக்கேன், ஜுவோஜெங் ரெண்டு தடவை, வாங்ஷி யுவான் மூணு தடவை. நான் சொல்ற பேரு வாங்ஷி. ஆனா பெரிய தோட்டமான ஜுவோஜெங்கை ஒதுக்கறதுக்கு முன்னாடி அதோட அருமையை சொல்லியாகணும்.

ஜுவோஜெங் யுவான்ங்கறதுக்கு அர்த்தம் கிட்டத்தட்ட "சாமர்த்தியம் இல்லாதவன் பண்ற நிர்வாகம்". வாங் ஷியான்சென்னு ஒரு மிங் வம்ச காலத்து அதிகாரி, அரசாங்க வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து 1509 வாக்குல கட்ட ஆரம்பிச்சது. செடிக்கு தண்ணி ஊத்தி காய்கறி வித்து சாப்பிடறதும் என்னை மாதிரி ஆளுக்கு ஒரு நிர்வாகம்தான்னு பழைய கட்டுரை ஒண்ணுல ஒரு வரி வரும், அதுலருந்து எடுத்த பேரு. அவர் போனப்புறம் பையன் சூதாட்டத்துல தோட்டத்தையே தோத்துட்டான்னு சொல்வாங்க. மொத்தம் 5.2 ஹெக்டேர், அதாவது 13 ஏக்கர் பக்கம். நடுப்பகுதில மூணுல ஒரு பங்கு தண்ணிதான்.

அங்க என்னை அசத்துனது ஒரு கோபுரம், அது தோட்டத்துக்கு சொந்தமே இல்ல. நடுக்குளத்தோட கிழக்கு ஓரத்துல நின்னு மேற்க பாத்தா தண்ணிக்கும் மரத்துக்கும் மேல ஒன்பது அடுக்கு பகோடா ஒண்ணு தெரியும், அது வெளில ஊருக்குள்ள இருக்கற வடக்கு கோயிலோட கோபுரம், ரெண்டு பக்கமும் மரத்தை வச்சு நடுவுல இடம் விட்டு அதை தோட்டத்துக்குள்ள இழுத்துட்டாங்க. இதுக்கு அவங்க வச்ச பேரு "கடன் வாங்குன காட்சி". ஒரு செங்கல் செலவு இல்லாம 76 மீட்டர் கோபுரம்! மேற்கு பக்கம் விசிறி வடிவத்துல ஒரு மண்டபம் இருக்கு, ஜன்னல், மேஜை எல்லாமே விசிறி, அதோட பேரே "யார்கூட உக்காருறது". அந்தப் பேரு எடுத்த பழைய பாட்டுல அதுக்கு பதில் நிலா, காத்து, நான்.

பிரச்சனையும் அங்கதான். நான் முதல் தடவை போனது அக்டோபர் லீவு வாரம், அந்த மண்டபத்துல யார்கூட உக்காருறதுன்னு கேக்கவே வேண்டாம், அம்பது பேர் ஃபோட்டோவுக்கு வரிசைல நிக்கறாங்க, கைடுங்க எல்லாம் மைக் மாட்டிருக்காங்க, ஜிக்ஜாக் பாலத்துல நின்னா பின்னாடி இருக்கறவங்க தள்ளிட்டு போயிடுவாங்க. கஷ்டமா இருந்துச்சு. நிதானமா உக்காரறதுக்குன்னே கட்டுன இடத்துல நிக்கவே முடியல. ரெண்டாவது தடவை ஜூலைல, காலைல 7:30-க்கு கேட் திறக்கும்போதே உள்ள போனேன், தாமரை முழுசா பூத்திருந்துச்சு, முதல் ஒரு மணி நேரம் வேற தோட்டம் மாதிரியே இருந்துச்சு. அதனால ஜுவோஜெங் போறீங்கன்னா ஜூன் கடைசிலருந்து ஆகஸ்ட்டுக்குள்ள, ஸ்லாட் முன்னாடியே புக் பண்ணி, பாஸ்போர்ட் எடுத்துட்டு, முதல் ஸ்லாட்டுல போங்க, இல்லன்னா விட்டுடுங்க.

இப்ப வாங்ஷி. மொத்தமே அரை ஹெக்டேர் சொச்சம், வீட்டையும் சேத்து, பெருசுல பத்துல ஒரு பங்கு. ஒரு சின்ன சந்துக்குள்ள வாசல், தெரியாதவங்க தாண்டி போயிடுவாங்க. வாங்ஷின்னா வலைக்காரன், மீனவன், இதுவும் பதவியை விட்டு வந்த ஆள் வச்சுக்கற மாதிரி பேருதான், முதல்ல தெற்கு சோங் வம்ச காலத்துல ஒருத்தர் கட்டுனாரு, 18-ஆம் நூற்றாண்டுல இன்னொருத்தர் கைக்கு வந்தப்பதான் இப்ப இருக்கற பேரு வந்துச்சு.

நடுவுல ஒரு குளம், அதை சுத்திதான் எல்லாம். சின்ன குளம் அவ்ளோ பெருசா எப்படி தெரியுதுன்னு முதல் தடவை எனக்கு புரியல, மூணாவது தடவைதான் உக்காந்து கவனிச்சேன். தண்ணியை ஒட்டி இருக்கற மண்டபம் எல்லாம் தாழ்வா, லேசா இருக்கு, பெரிய கட்டடங்களை பாறைக்கும் பைன் மரத்துக்கும் பின்னாடி தள்ளி வச்சிருக்காங்க, அதனால எதுவும் குளத்தை அமுக்கல. மூலைல தண்ணி ஒரு வாலு மாதிரி குறுகி பாலத்துக்கு அடில போய் மறைஞ்சிடுது, எங்க முடியுதுன்னு கண்ணுக்கு தெரியாததால இன்னும் போய்கிட்டே இருக்குன்னு மனசு நினைச்சுக்குது. ஒரு பாலம் இருக்கு பாருங்க, ஊர்ல அதுக்கு "மூணு எட்டு பாலம்"னு பேரு, நிஜமாவே மூணு எட்டு வச்சா தாண்டிடலாம், பக்கத்துல அவ்ளோ குட்டி பாலம் இருக்கறதாலயே குளம் பெருசா ஆயிடுது. ஜுவோஜெங் இடத்தை வச்சுக்கிட்டு பண்ணதை இவங்க இடமே இல்லாம பண்ணிருக்காங்க, எனக்கு இதுதான் பெரிய வித்தைன்னு தோணுது.

மேற்குல பியோனி பூவுக்குன்னே ஒரு முற்றம் இருக்கு. நியூயார்க் மெட் மியூசியத்துல 1981-ல திறந்த சீன முற்றம் இதைப் பாத்துதான் கட்டுனது, கட்டுனதும் சூஜோ கைவினைஞர்கள்தான். 1930-கள்ல ஓவியர் ஜாங் தாச்சியனும் அவர் அண்ணனும் இங்க குடியிருந்தாங்க, அண்ணன் புலி வரையறவரு, நிஜ புலிக்குட்டியே வளத்தாரு, அது செத்ததும் இங்கயே புதைச்சாங்க, கல்லு இருக்கு, தேடிப் பாருங்க. சீசன்ல ராத்திரியும் திறப்பாங்க, ஒரு மண்டபத்துல குன்ச்சூ (பழைய சீன இசை நாடகம்) பாட்டு, அடுத்ததுல புல்லாங்குழல்னு நடந்து நடந்து கேக்கலாம், விளக்கு வெளிச்சம் குளத்துல விழறப்போ அந்த வீட்டுக்கு விருந்தாளியா வந்த மாதிரி இருக்கும்.

குழந்தைங்க கூட வந்தா மட்டும் என் பேச்சை கேக்காதீங்க, ஷிஸி லின்ங்கற தோட்டத்துக்கு போங்க. 1342-ல ஒரு பௌத்த துறவிக்காக கட்டுனது, சிங்கம் மாதிரி கல்லுங்க, உள்ள குகை, ஏத்தம் இறக்கம், எதிர்ல இருக்கறவங்களை பாக்க முடியும் ஆனா போய் சேர முடியாது, பசங்க வெளிலயே வர மாட்டாங்க. சியான்லுங் பேரரசரே இதுல மயங்கி வடக்க ரெண்டு இடத்துல காப்பி கட்டுனாரு. எனக்கு கல்லு ரொம்ப ஜாஸ்தி, மூச்சு முட்டுது. ஆனா கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் குடும்பத்தோட தோட்டம் இது, சின்ன வயசுல லீவுக்கு அவர் விளையாடுன இடம், அவரே பின்னாடி கட்டுன சூஜோ மியூசியம் (2006) நடக்கற தூரத்துலதான், அங்க வெள்ளைச் சுவர் முன்னாடி கல்லை அறுத்து மலை ஓவியம் மாதிரி நிறுத்திருக்கறதை பாக்காம வராதீங்க.

லியூ யுவான் இந்த போட்டில ரெண்டாவது, அதுவும் கொஞ்சத்துல. 1593-ல ஆரம்பிச்சது, 2.3 ஹெக்டேர். உள்ள நுழையறதே இருட்டான குறுகல் வழி, வளைஞ்சு வளைஞ்சு போய், பூவேலை ஜன்னல் வழியா குளம் துண்டு துண்டா தெரிஞ்சு, அப்புறம் திடீர்னு முழுசா திறக்கும். 6.5 மீட்டர்ல ஒத்தையா நிக்கற தாய்ஹு ஏரிக் கல்லு ஒண்ணு இருக்கு, அதுக்காகவே சுத்தி மண்டபம் கட்டிருக்காங்க. போர்க்காலத்துல இங்க குதிரை கட்டி வச்சு மரத்தூண்களை எல்லாம் கடிச்சு வச்சிருந்துச்சாம், 1953-ல எடுத்து சரி பண்ணாங்க, இப்ப பாத்தா நம்பவே முடியாது.

அப்புறம் மழை. சூஜோல ஜூன்ல மழை பிடிச்சா விடாது, அன்னைக்கு மட்டும் நான் வாங்ஷியை விட்டுட்டு லியூ யுவான்தான் போவேன், ஏன்னா அங்க கூரை போட்ட நடைபாதையே 700 மீட்டர் இருக்கு, தோட்டத்தை சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போகும், குடையை மடக்கி கைல வச்சுக்கிட்டு ஓட்டுல இருந்து தண்ணி கொட்டறதை பாத்துக்கிட்டே நடக்கலாம்.