1,667 கேட்கும் செயலி

நாவலை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று, சொல் எண்ணிக்கை காட்டும் எழுத்துச் செயலி ஒன்றுக்கு மாதம் 149 ரூபாய் கட்டினேன். 30 நாளில் 50,000 சொல் என்று இலக்கு வைத்தால், தினம் 1,667 என்று அதுவே பிரித்துக் கொடுக்கிறது. சரி, ஆனால் அது இங்கிலீஷ் கணக்கு. அவர்கள் நான்கைந்து சொல்லில் சொல்வதை நாம் 'போய்க்கொண்டிருந்தபோது' என்று ஒன்றில் முடித்துவிடுகிறோம். செயலி இடைவெளியை வைத்துத்தான் எண்ணுகிறது.

பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்து மணிக்கு உட்கார்ந்தால் எனக்கு 600 தாண்டாது. ஒன்பதாம் நாள் திருட்டுத்தனம் ஆரம்பித்தது. 'வந்துவிட்டான்' என்பதை 'வந்து விட்டான்' என்று பிரித்தேன். கதையில் ஒரு பாட்டியைக் கொண்டுவந்து வாய் ஓயாமல் பேசவிட்டேன். (பாட்டி நன்றாகவே வந்திருக்கிறாள், அது வேறு விஷயம்.) பச்சை வட்டம் நிறைந்தது. மறுநாள் பாதியை அழித்ததும் மைனஸ் 340 என்று காட்டியது! திருத்துவதும் வேலைதானே?

நள்ளிரவு 12 அடித்ததும் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடுவது இன்னொரு கொடுமை.

தானாகச் சேமிப்பது மட்டும் அருமை. இரண்டு முறை கரண்ட் போயும் ஒரு வரி தொலையவில்லை. இப்போது இலக்கை 500 ஆக்கிவிட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.