சரக்கொன்றையும் 50எம்எம் லென்ஸும்: வீட்டுக்குள்ள பூ போட்டோ எடுத்த அனுபவம்

கேனானோட 50எம்எம் 1.8 எஸ்டிஎம் லென்ஸை எல்லாரும் போர்ட்ரெய்ட்டுக்குத்தான் வாங்குவாங்க, நானும் அப்படித்தான் வாங்கினேன், ஆனா சில வருஷமாவே பங்குனி சித்திரை வந்தா அது ஜன்னலோரம் பூ எடுக்கற லென்ஸா மாறிடுது. கோயம்புத்தூர்ல அந்த சீசனுக்கு சரக்கொன்றை, புங்கம்பூ, வேப்பம்பூ எல்லாம் தெருவிலயே கிடைக்கும், பூக்கடைக்கே போக வேண்டாம்.

வெறும் லென்ஸ் மட்டும் பத்தாது. 35 செ.மீ.க்குக் கிட்ட போனா ஃபோகஸ் ஆகாது, கொத்து எடுக்கலாம், தனிப் பூ வராது. அதுக்குத்தான் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல 12எம்எம் எக்ஸ்டென்ஷன் ட்யூப், உள்ள கண்ணாடி கிடையாது, வெறும் குழாய், ஆனா கிராப் சென்சார்ல, அதாவது சின்ன சென்சார் கேமரால, ஒத்தக் கொன்றைப்பூ ஃப்ரேமையே அடைச்சுக்கும். கேமராவும் லென்ஸும் பேசிக்கற காண்டாக்ட் பின் இருக்கான்னு பாத்து வாங்குங்க, இல்லாத சீப் ட்யூப்ல அப்பர்ச்சர், அதாவது லென்ஸோட துவாரம், மாத்த முடியாம முழுசா திறந்த 1.8லயே கிடக்கும், ஒரு கேசர நுனி மட்டும் ஷார்ப், மிச்சமெல்லாம் கூழு. என்னோடது பிளாஸ்டிக் மவுண்ட், இப்ப லேசா ஆட ஆரம்பிச்சிருச்சு.

லைட்டுக்கு வடக்கு ஜன்னல்ல ஒரு பழைய வேட்டி, எதிர்ப்பக்கம் தெர்மாகோல், அவ்வளவுதான். ட்யூப்லைட்டை கண்டிப்பா அணைங்க, ரெண்டு வெளிச்சம் கலந்தா நிறத்தைச் சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் எதுல வச்சாலும் தேறாது. ஃபேனையும்தான், அந்த வெயில்லயும்! துவாரத்தைச் சுருக்கி எஃப்11ல வச்சா ஷட்டர் அரை செகண்ட் வரைக்கும் போகும், அதனால ட்ரைபாட், 2 செகண்ட் டைமர்.

சரக்கொன்றையை ஜாடில வச்சீங்கன்னா களையே போயிரும், அது தொங்கற பூ. கர்ட்டன் கம்பில நூல் கட்டித் தொங்க விட்டு, காம்புல ஈரப் பஞ்சு சுத்திடுவேன். மேல விரிஞ்ச பூ, கீழ வர வர மொட்டு, நுனில பச்சையா குட்டிக் குட்டியா உருண்டை. கிட்டப் பாத்தா பத்து கேசரத்துல மூணு மட்டும் நீளமா வளைஞ்சு நிக்கும், என் ஃபோகஸ் எப்பவும் அங்கதான். மஞ்சள்தான் பெரிய தலைவலி, வெளிச்ச அளவு காட்டற சாதா ஹிஸ்டோகிராம் பாக்க நல்லாத்தான் இருக்கும், சிவப்பு பச்சை நீலம் தனித்தனியா காட்டற ஆர்ஜிபில போய்ப் பாத்தா சிவப்பு சேனல் அளவு மீறி வலது ஓரம் முட்டியிருக்கும், இதழ்ல நரம்பே தெரியாது. எக்ஸ்போஷரைக் குறைச்சு மைனஸ் 2/3 வச்சு, சென்சார் பதிஞ்சது அப்படியே இருக்கற ரா ஃபைல்ல எடுங்க, பின்னாடி கருநீல சார்ட் பேப்பர் போதும்.

வேப்பம்பூ ஜாடிக்கு வராத ஜாதி, கிளையத் தொட்டாலே உதிரும். ரசத்துக்காக அம்மா முறத்துல காய வச்சிருந்த பூவை அப்படியே மேல இருந்து எடுத்தேன், பாதி வெள்ளை பாதி பழுப்புன்னு, நான் அடுக்கி வச்சு எடுத்த எதுவும் அதுக்குப் பக்கத்துல நிக்காது. புங்கம்பூ எனக்கு இன்னும் பிடிபடல, ஊதாவும் ரோஸும் கலந்த அந்த நிறம் ஸ்க்ரீன்ல செத்துப் போயிடுது.

இன்னொண்ணு, சித்திரைக் கனிக்கு முந்தின நாள் கொன்றைப்பூ தேடிப் போகாதீங்க, கனித் தட்டுல வைக்க எல்லாரும் பறிச்சிட்டு எட்டுற கிளையெல்லாம் மொட்டையா இருக்கும். ஒரு வாரம் விட்டுப் போங்க.