வீட்டுக்குப் புகை போட எது: கட்டையா, இலையா, பிசினா?

வீட்டில் ஏதோ கனமாக இருக்கிறது, புகை போட்டு வெளியேற்றிவிட வேண்டும் என்று நினைப்பவர் கைக்கு இப்போது பெரும்பாலும் வந்து சேர்வது வெள்ளை சேஜ், பாலோ சாண்டோ, குந்திரிக்கம், சாம்பிராணி, அகில் இவற்றில் ஒன்றுதான். ஐந்தையும் கொளுத்திப் பார்த்திருக்கிறேன். எதற்குச் 'சக்தி' அதிகம் என்று அளக்கக் கருவி கிடையாது. ஆனால் எப்படி எரிகிறது, மணம் எப்படி, கொடுத்த செடிக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதையெல்லாம் ஒப்பிடலாம். என்னைக் கேட்டால் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். திருட்டு இலையைக் கொளுத்தி வீட்டைத் தூய்மை செய்வது எந்தக் கணக்கில் சேரும்?

இப்படிக் கேட்கக் காரணம் வெள்ளை சேஜ். துளசிக் குடும்பத்துச் செடி. தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மட்டுமே காட்டுச் செடியாக வளர்கிறது. சூமாஷ், கவியா போன்ற அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அது மருந்து, உணவு, வழிபாட்டுப் பொருள் எல்லாமும். உலகம் முழுக்கத் தேவை கூடியதும் கள்ள அறுவடையும் கூடிவிட்டது. பாதுகாக்கப்பட்ட இடங்களிலேயே புகுந்து மூட்டை மூட்டையாக அறுத்துப் போகிறார்கள். பண்ணையில் வளர்த்தது என்று உறுதியாகத் தெரியாத இலைக்கட்டை நான் வாங்குவதில்லை.

எரிப்பதிலும் அது கொஞ்சம் முரடு. யூகலிப்டஸ் எண்ணெயில் உள்ள அதே சினியோல்தான் இதிலும் முக்கிய வாசனைப் பொருள், அதனால் மூக்கில் சுள்ளென்று ஏறும். புகை அடர்த்தி, சாம்பலும் நிறைய. காய்ந்த இலைகளை நூலால் சுற்றிய கட்டு என்றால் உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு பொறி உதிரும். அப்படி உதிர்ந்த பொறி ஒன்று என் பாயில் மிளகு அளவுக்கு ஓட்டை போட்டது. ஓர் அறைக்கு ஒற்றை இலை போதும். முழு இலைக்கட்டைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுக்க நடப்பது வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பாலோ சாண்டோ இதற்கு நேர்மாறு, சாது. தென் அமெரிக்காவில், குறிப்பாக ஈக்வடார், பெரு நாடுகளின் வறண்ட காடுகளில் வளரும் மரம். குந்திரிக்க மரத்துக்குப் பங்காளி. ஸ்பானிய மொழியில் பெயருக்குப் 'புனித மரம்' என்று பொருள். பச்சை மரத்தை வெட்டினால் இந்த வாசனை வராது. தானாக விழுந்து, சில வருடம் தரையில் கிடந்து காய்ந்தால்தான் எண்ணெய் ஊறி மணம் திரளும். குச்சியைச் சாய்த்துப் பிடித்து, அரை நிமிடம் எரியவிட்டு ஊதி அணைத்தால் எலுமிச்சைத் தோலும் லேசான இனிப்பும் கலந்த மணம். சில நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு அது குறை, எனக்கு அதுதான் நிறை.

அழிந்துவரும் மரமாயிற்றே என்று பலர் தயங்குகிறார்கள். அந்தக் குழப்பம் பெயரால் வந்தது. அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா பக்கத்துச் சாக்கோ காட்டிலும் ஒரு 'பாலோ சாண்டோ' உண்டு. அது வேறு குடும்பம்; அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் 2010 முதல் இருப்பது அதுதான். வாசனைக்கு எரிப்பது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் 'குறைந்த கவலை' வகை. வீட்டிலேயே சோதிக்கலாம்: சாக்கோ மரம் இரும்புபோல் கனம், தண்ணீரில் மூழ்கும். எரிக்கும் மரம் லேசானது. ஆனாலும் அது நிற்கும் வறண்ட காடுகள் மேய்ச்சலுக்காகவும் விவசாயத்துக்காகவும் சுருங்கி வருகின்றன, அதையும் மறக்கக் கூடாது.

பிசின்களில் என் மனம் சாய்வது குந்திரிக்கத்தின் பக்கம். ஓமான், ஏமன், சோமாலியா பக்கத்து மரத்தில் பட்டையைச் சீவிவிட்டால் பால் கசிந்து கண்ணீர்த்துளிபோல் உறையும். மரம் சாக வேண்டியதில்லை. அளவோடு சீவினால், என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பியா, சூடான் பக்கத்தில் பிசின் தரும் இன்னொரு வகையை ஆராய்ந்தவர்கள், இளங்கன்றுகளே இல்லாத நிலை பல காடுகளில் இருப்பதால் 20 ஆண்டில் உற்பத்தி பாதியாகும் என்று 2019-இல் எச்சரித்தார்கள். கன்றுகளை மாடு மேய்ந்துவிடுகிறது, காட்டுத்தீ எரிக்கிறது, பெரிய மரங்களை அளவில்லாமல் சீவுகிறார்கள்.

சாம்பிராணி வேறு மரம், வேறு திசை: சுமத்ராவும் லாவோஸும். அரபு வணிகர்கள் இதை 'ஜாவாவின் குந்திரிக்கம்' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். குந்திரிக்கத்தில் எலுமிச்சையும் பைன் மரமும் கலந்த காரம். சாம்பிராணியில் வெனிலாபோல் ஓர் இனிப்பு. தொண்டையைக் கமறவைப்பதில் சாம்பிராணிக்கே முதலிடம், அதிலுள்ள பென்சாயிக் அமிலம் ஆவியாகி ஏறுவதால். கப் வடிவில் வருவதில் கரித்தூளும் மரத்தூளும்தான் அதிகம், பிசின் கொஞ்சம். அதை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

அகில் தனி ரகம். பூஞ்சை தாக்கிய மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் ஏறிய கட்டை அது. காட்டில் அரிதாகிவிட்டது, வணிகமும் சைட்டிஸ் கட்டுப்பாட்டில். ஜப்பானிய வாசனைச் சடங்கில் அதை நேரடியாக எரிப்பதில்லை. சாம்பலுக்குள் கரியைப் புதைத்து, மேலே அப்ரகத் தகட்டில் சின்னச் சீவலை வைத்துச் சூடாக்குவார்கள். மணத்தை 'முகர்வது' என்று சொல்லாமல் 'கேட்பது' என்பார்கள். அழகு. ஆனால் வீட்டுக்குப் புகை போட அகில் தேவையே இல்லை.

ஒரு விஷயம் அடிக்கடி சொல்கிறார்கள்: சேஜ் புகை காற்றிலுள்ள 94 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று. அந்த எண் 2007-இல் வந்த இந்திய ஆய்விலிருந்து வந்தது. மூடிய அறையில் ஒரு மணி நேரம் எரித்தது மாமரக் கட்டையோடு ஹோம மூலிகைக் கலவை. சேஜ் அங்கே இல்லவே இல்லை. குந்திரிக்கம் மனதை அமைதிப்படுத்துவதாக 2008-இல் வந்த ஆய்வும் எலிகளுக்கு அதன் ஒரு வேதிப்பொருளை ஊசியில் ஏற்றிப் பார்த்ததுதான், புகையை நுகரவிட்டு அல்ல. மனம் லேசாகிறதா, ஆகிறது, எனக்கும் ஆகிறது. அதற்கு இந்த எண்களைத் துணைக்கு இழுக்க வேண்டாம்.

நுண்துகள், பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாப் புகையிலும் உண்டு, புனிதமான மரம் என்பதற்காக விலக்கு இல்லை. ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கூண்டுப் பறவை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள். எதையோ வெளியே அனுப்பத்தானே போடுகிறோம், கதவை அடைத்தால் அது எப்படிப் போகும்?

இப்போது நான் செய்வது இது. அவசரத்துக்குப் பாலோ சாண்டோ. நேரம் இருந்தால் குந்திரிக்கம். தட்டில் மணல், மணலில் கரி வில்லை. சீக்கிரம் பற்றும் வில்லையில் வெடியுப்பு கலந்திருக்கும்; பொறி ஓடி முடிந்து மேலே சாம்பல் பூக்கும்வரை பிசின் போடக் கூடாது. பிறகு பட்டாணி அளவு ஒரே ஒரு துண்டு. முதலில் எழும் வெள்ளைப் புகைதான் நல்ல மணம். கருக ஆரம்பித்ததும் குச்சியால் சுரண்டி ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தார் நாற்றம் மிஞ்சும். முடிந்ததும் வில்லையை மணலில் புதைத்துவிட்டு மறுநாள் காலைதான் குப்பையில் போடுவேன். பார்க்கச் செத்தாற்போல் இருக்கும், தொட்டால் சுடும்.