ஈசூன் கார்ப்பேட்டையில் மூன்று வாரம்

மெல்பர்னில் குடியேறிப் பத்தாண்டுகள் ஆன நான், அண்மையில் மூன்று வார விடுப்பில் சிங்கப்பூருக்குத் திரும்பி, ஈசூன் வட்டாரத்தில் அண்ணன் வீட்டில் தங்கினேன். அவருடைய மின்வாகனத்தை ஓட்டும் வேலையும் இரவில் அதற்கு மின்னூட்டும் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தன.

மெல்பர்னில் என் வீட்டுச் சுவரிலேயே மின்னூட்டி இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் பெரும்பாலோர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் வாழ்வதால், சொந்தச் சுவர் இல்லாதவருக்கு மின்னூட்டும் வசதி, குடிநீர்க் குழாயைப் போல, பொதுத் திட்டமாகவே வந்தாக வேண்டும். 2030க்குள் 60,000 மின்னூட்டு முனைகள், அவற்றுள் 40,000 பொதுக் கார்ப்பேட்டைகளில் (கார் நிறுத்துமிடங்களில்) என்ற இலக்கையும், வீவக கார்ப்பேட்டைகளில் அவற்றை அமைப்பதற்கென்றே நிலப் போக்குவரத்து ஆணையம் 2022இல் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியதையும் இந்தத் தேவையோடு சேர்த்தே பார்க்கிறேன்.

அண்ணன் புளோக்கின் கார்ப்பேட்டையில் உள்ளவை 7.4 கிலோவாட் மெதுமின்னூட்டிகள். முதல் நாள் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. "எதுக்குப்பா அவசரம்? ராத்திரி முழுக்க வண்டி சும்மாதானே நிக்குது" என்றார் அண்ணன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 59 யூனிட் ஏறும், யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்தாலும் 350 கிலோமீட்டர் ஓடலாம். கிழக்கிலிருந்து மேற்குக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவே உள்ள தீவில், அது பலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் போதும். விளக்குக்கும் மின்தூக்கிக்கும் என்று கணக்கிட்டு மின்னிணைப்பு கொடுக்கப்பட்ட பழைய கார்ப்பேட்டையில், புதிய துணைமின் நிலையம் கட்டாமல் பல வண்டிகளுக்கு மின்னூட்ட வேண்டுமானால், மெதுமின்னூட்டியே சரியான தேர்வு என்பது எனக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. வேக மின்னூட்டிகள், நாள் முழுதும் ஓடும் டாக்சிகளுக்கும் விநியோக வண்டிகளுக்கும் உதவும் இடங்களில் இருக்கட்டும்.

குறையையும் சொல்ல வேண்டும். வெளியே வேறொரு பேட்டையில் மின்னூட்டப் போனபோது, அந்த நிறுவனத்தின் செயலி என் வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணை ஏற்கவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டுத் திரும்பினேன். அட்டையைத் தொட்டவுடன் கட்டணம் செலுத்தும் வசதி எல்லா முனைகளிலும் வேண்டும்.

இன்னொன்று, இடத்தைப் பற்றியது. ஒரு வியாழன் இரவு பதினொன்றரைக்கு, மின்னூட்டம் முடிந்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தபடி ஒரு வண்டி நின்றிருக்க, ஏழாம் மாடியில் வசிக்கும் அக்கா தம் வண்டியை நிறுத்தி மின்னூட்ட இடமின்றி மூன்று தளங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். மின்னூட்டியைச் சுவரோரம் ஒரே இடத்துக்கென்று பொருத்தாமல், இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூணில் பொருத்தியிருந்தால், பக்கத்து வண்டிக்கும் கேபிள் எட்டியிருக்கும். நள்ளிரவில் யாரும் இறங்கி வந்து வண்டியை நகர்த்த வேண்டியிருக்காது. அன்று அந்த அக்காவுக்காக, மின்னூட்டி அருகே நின்ற எங்கள் வண்டியை எடுத்து நான்காம் தளத்தில் விட்டுவிட்டு வந்தேன்.