தரைச் சூடாக்கி: பல குளிர்காலங்கள் ஓடிய பிறகு எது கெடுகிறது, எங்கே பார்க்க வேண்டும்

தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டில் ஓர் அறை மட்டும் சில்லிட்டுப் போனால், "தரையை உடைக்க வேண்டி வருமோ" என்ற கவலைதான் முதலில் வரும். நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிவது வேறு. இடையில் இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாகப் போட்ட பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய், யாரும் அதில் துளை போடாதவரை, சுலபத்தில் கெடுவதில்லை. தொல்லை தருவதெல்லாம் பெரும்பாலும், வெந்நீரை ஒவ்வொரு அறைக்கும் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டு பெட்டிக்குள்தான் இருக்கும்: ஆக்சுவேட்டர் (வால்வைத் திறந்து மூடும் மின்கருவி), வால்வு ஊசி, கலப்பு வால்வு (பாய்லர் நீரோடு திரும்பி வரும் நீரைக் கலந்து வெப்பத்தைக் குறைப்பது), பம்ப்.

கோளாறு என்று முடிவு கட்டுமுன் ஒன்றை நினைவில் வையுங்கள். குழாய் 65 முதல் 75 மில்லிமீட்டர் கனமுள்ள சிமென்ட் ஸ்கிரீடுக்குள் (ஓடுகளுக்கு அடியிலுள்ள சிமென்ட் அடுக்கு) புதைந்திருந்தால், குளிர்ந்த தரை சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே எந்தத் திருகைத் திருப்பினாலும் ஒரு முழு நாள் விட்டுத்தான் பலனைப் பார்க்க வேண்டும். மணிக்கொரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மாற்றம் வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் முதலில் அந்த அறைக்கான குழாய்ச் சுற்றின் ஃப்ளோ மீட்டரை (மேனிஃபோல்டில் நீரோட்டத்தைக் காட்டும் அளவி) பாருங்கள். அந்த அறையின் தெர்மோஸ்டாட்டை உச்சத்துக்கு ஏற்றி ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் மெழுகு சூடேறி வால்வைத் திறக்க அவ்வளவு நேரம் ஆகும். மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றால், வேறோர் அறைக்காகப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த ஆக்சுவேட்டரைக் கையால் கழற்றிவிடுங்கள். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகைதான் பரவலாக இருப்பது. அதைக் கழற்றியதும் வால்வு தானாகத் திறக்க வேண்டும். மீட்டர் ஏறினால் குழாயில் குற்றமில்லை: பழுது ஆக்சுவேட்டரிலோ, வயரிலோ, தெர்மோஸ்டாட்டிலோ. ஏறாவிட்டால் வால்வு ஊசி இறுகியிருக்கிறது, அல்லது சுற்றில் காற்று அடைத்திருக்கிறது. வேறெந்தச் சோதனையும் இதைவிட வேகமாகப் பாதி சந்தேகங்களைத் தீர்ப்பதில்லை.

இன்னொரு சாத்தியமும் உண்டு: இரண்டு அறைகளின் வயர்கள் மாறிப்போயிருப்பது. படுக்கையறை தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் கூடத்து ஆக்சுவேட்டர் திறக்கும். ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டாக ஏற்றி, எந்த ஆக்சுவேட்டரின் தலை மேலெழுகிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

ஊசி இறுகுவது கோடை முழுக்க அசையாமல் கிடந்த அமைப்பில் சகஜம். ஆக்சுவேட்டரைக் கழற்றினால் நடுவில் ஒரு சின்ன எஃகு ஊசி தெரியும். மரத்துண்டை வைத்து அதை நேராக அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் இறங்கி, விட்டதும் துள்ளி மேலே வர வேண்டும். வராவிட்டால் சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டு, பலமுறை மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். குறடால் பிடித்து மேலே இழுக்கவே கூடாது. ஊசி கையோடு வந்துவிட்டால் அந்தத் துளை வழியே தண்ணீர் பீறிடும். கோடையிலும் மாதம் ஒருமுறை எல்லா அறைகளையும் பத்து நிமிடம் திறந்து மூடினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

காற்று அடைத்திருந்தால் மீட்டரின் முள் துள்ளும், அல்லது சுற்றில் களகளவென்று சத்தம் கேட்கும். மேனிஃபோல்டின் காற்றுப்போக்கியைத் திறப்பது மட்டும் போதாது. சுற்றின் நடுவில் சிக்கிய குமிழி அங்கே வந்து சேராது. பாய்லர் பக்கத்து வால்வுகளையும் மற்ற எல்லாச் சுற்றுகளையும் மூடிவிட்டு, நிரப்பும் குழாயில் ஹோஸ் மாட்டி, ஒரே ஒரு சுற்று வழியாகத் தண்ணீரைத் தள்ளி, மறுமுனையை வாளிக்குள் விடுங்கள். வெளியில் 16, உள்ளே 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் நூறு மீட்டருக்குச் சுமார் 11 லிட்டர் கொள்ளும். அதில் இரண்டு மடங்காவது ஓடி, குமிழி முற்றிலும் நின்ற பிறகே அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். இப்படி அலசினால் உள்ளே இருந்த துருத்தடுப்பு மருந்தும் போய்விடும், மறுபடி சேர்க்க மறக்காதீர்கள்.

ஓட்டம் இருந்தும் அறை மந்தமாக இருந்தால் அது சமநிலைப் பிரச்சினை. குட்டையான சுற்றில் எதிர்ப்பு குறைவு என்பதால் தண்ணீர் அதிலேயே அதிகம் ஓடி, நீளமான சுற்று பட்டினி கிடக்கும். நீளமானதை முழுக்கத் திறந்து வைத்துக் குட்டையானவற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கணக்கு எளிது: போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 7 டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு கிலோவாட் வெப்பத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர். வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சுற்றுக்கு ஓட்டம் போதவில்லை. இதற்காகக் கலப்பு வால்வின் வெப்பத்தைக் கூட்டுவது தவறான வழி. ஸ்கிரீட் தரைக்கு 35 முதல் 45 டிகிரி நீரே பொதுவாகப் போதும். புழங்கும் அறையில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது.

எல்லா அறைகளுமே மந்தமானால் மேனிஃபோல்டு வெப்பமானியைப் பாருங்கள். பாய்லரிலிருந்து சூடான நீர் வந்தும் மேனிஃபோல்டுக்குள் வெதுவெதுப்பாகவே போனால் கலப்பு வால்வில் கசடு படிந்திருக்கும். ஒன்றுமே ஓடாவிட்டால் பம்ப் இறுகியிருக்கலாம், அல்லது அதிவெப்பத் தடுப்பான் பம்பை நிறுத்தியிருக்கலாம்.

வடிக்கும் நீர் கறுப்பாக வந்தால் அலட்சியம் வேண்டாம். அது இரும்பு ஆக்சைடு. ஆக்சிஜன் தடுப்பு உறை இல்லாத பழைய பிளாஸ்டிக் குழாய்களின் சுவர் வழியே ஆக்சிஜன் நீரில் கலந்து, பாய்லரிலும் பம்பிலும் உள்ள இரும்பை அரிக்கிறது. காந்த வடிகட்டி கசடைப் பிடிக்கும், காரணத்தை நீக்காது. தரைச் சுற்றைத் தகட்டு வெப்பமாற்றி (இரு பக்க நீரும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் கருவி) வைத்துப் பாய்லரிலிருந்து பிரிப்பதே நிரந்தரத் தீர்வு.

அழுத்தம் குறைவதையெல்லாம் ஒழுகல் என்று நினைக்கவும் வேண்டாம். சூடானால் 3 பார் வரை ஏறி, ஆறினால் விழுந்துவிடும் என்றால் விரிவுக் கலனில் (சூடாகி விரியும் நீருக்கு இடம் தரும், காற்றடைத்த கலன்) காற்று போய்விட்டது. அமைப்பு முழுக்க ஆறிய நிலையிலும் அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் ஒழுகலைத் தேட வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் இரு முனையிலும் மூடுங்கள். அப்போதும் இறங்கினால் ஒழுகல் தரையில் இல்லை. நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து, எதைத் திறந்ததும் மறுபடி இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு குளிர்ந்த தரையில் அந்தச் சுற்றை மட்டும் சூடாக்கி வெப்பக் கேமராவால் பார்த்தால், வரிவரியாகத் தெரியும் குழாய்களுக்கு நடுவே ஈரம் பரவிய இடம் திட்டாகத் தெரியும். அந்த இடத்து ஓடுகளை மட்டும் எடுத்து, அழுத்தி இறுக்கும் இணைப்பைப் போட்டு, 4 முதல் 6 பார் வரை ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். இணைப்பு இருக்கும் இடத்தைச் சுவரிலிருந்து அளந்து வரைபடத்தில் குறித்து, மேனிஃபோல்டு கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.