உலோகக் கதவுநிலையில் கோக்கும் நீர்: எந்த வழி எவ்வளவு உதவும்?

கனடாவின் டொரொன்டோப் பகுதியில் பழைய அலுமினியத் தள்ளுகதவு உள்ள வீடுகளில், கடுங்குளிர் நாள்களின் விடியலில் நிலைச்சட்டம் முழுவதும் நீர் முத்துமுத்தாகக் கோத்திருக்கும். கீழ்மூலையில் அதுவே பனிக்கட்டியாக இறுகிக் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், வெளிக்குளிர் சட்டத்தின் உட்புறம்வரை வந்துவிடுகிறது.

செலவு குறைந்த வழி, அறைக்காற்றின் ஈரத்தைக் குறைப்பது. 20 பாகை செல்சியஸ் உள்ள அறையில் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உள்ள பங்கு) 50 விழுக்காடாக இருந்தால், ஏறத்தாழ 9 பாகைக்குக் கீழே குளிர்ந்த பரப்பில் நீர் படியும்; 30 விழுக்காடானால் அந்த எல்லை 2 பாகைக்கு இறங்கும். இட்லி அவிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அடுப்புக்கு மேலுள்ள விசிறியை ஓட்டினாலே நல்ல மாற்றம் தெரியும். ஆனால் வெளியே −15 பாகையாகும் நாளில் சட்டத்தின் உட்பரப்பே உறைநிலைக்குக் கீழே போய்விடக்கூடும். அப்போது இந்த வழி மட்டும் போதாது.

தேய்ந்த ரப்பர் பட்டைகளை மாற்றுவது குளிர்காற்றுக் கசிவை நிறுத்தும். உலோகத்தின் வழியே வரும் குளிரை அது தொடுவதில்லை.

சட்டத்தை உட்புறமாகப் பிவிசி அல்லது மரப் பட்டையால் மூடுவது உடனே பலன் தருவதுபோல் தோன்றினாலும், நான் மிகவும் தயங்குவது இதில்தான். அறையின் சூடு எட்டாமற்போவதால் மூடப்பட்ட உலோகம் முன்னிலும் குளிர்கிறது. இணைப்பில் நூலளவு இடைவெளி இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே புகுந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீராகிப் பூஞ்சணம் பிடிக்கிறது. மூடியே ஆகவேண்டுமானால், ஈரம் புகாத நுரைப்பட்டையை முழுப்பரப்பிலும் ஒட்டி, விளிம்புகளைச் சிலிக்கோனால் அடைத்து, கீழ்த்தடத்தின் வடிகால் துளைகளை மட்டும் திறந்தே விடவேண்டும்.

சட்டத்தின் பொள்ளலுக்குள் நுரை அடிப்பதற்குச் செலவிட வேண்டாம். குளிர் பெரும்பாலும் வருவது பொள்ளலைச் சுற்றியுள்ள உலோகச் சுவர்களின் வழியே; அவை அப்படியேதான் இருக்கும்.

குறையை வேரில் தீர்ப்பது, உள், வெளி உலோகங்களை, வெப்பத்தை எளிதில் கடத்தாத பாலியமைடு என்னும் நெகிழிப் பட்டையால் பிரித்துச் செய்த புதுச் சட்டம். விலை அதிகம்தான், ஆயினும் கடுங்குளிரில் முழுமையாக நம்பக்கூடியது இதுவே என்பேன். பொருத்தும்போது அந்தப் பட்டை சுவரின் வெப்பத்தடுப்பு அடுக்குக்கு நேராக அமைகிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையேல் வாசற்படியின் கான்கிரீட் வழியாகக் குளிர் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.